ஐரோப்பியப் பயணத்தில் பாஸ்போர்ட், பணம், தாலிச் சங்கிலி: எதை எங்கே வைத்துக்கொள்வது?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டம்பர் மாதம் நானும் என் மனைவியும் 68 வயதான என் தாயாரும் பன்னிரண்டு நாள் பயணமாகப் பாரிஸ், பார்சிலோனா, ரோம் ஆகிய நகரங்களுக்குச் செல்கிறோம். சுற்றுலா நிறுவனம் எதன் மூலமும் செல்லவில்லை. விடுதி, ரயில், விமானம் அனைத்தையும் நாங்களே பதிவு செய்திருக்கிறோம். வழிகாட்டி யாரும் உடன் இல்லாததால் பொருள்களின் பாதுகாப்பைப் பற்றிய கவலை எனக்கு அதிகமாக இருக்கிறது.

என் திட்டம் இதுதான். இடுப்பில் கட்டும் பை ஒன்றை வாங்கி, மூன்று பாஸ்போர்ட்டுகளையும், ஏறத்தாழ 2,000 யூரோ ரொக்கத்தையும், எங்கள் எல்லா அட்டைகளையும் அதில் வைத்து, தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என் உடம்பிலேயே கட்டிக்கொள்வது. பொறுப்பு ஒருவரிடம் இருந்தால் குழப்பம் வராது என்பது என் எண்ணம். என் மனைவி இதை ஏற்கவில்லை.

மற்றொன்று, அம்மாவின் தாலிச் சங்கிலி. ஐந்து சவரன். இதுவரை அதைக் கழற்றி வைத்துவிட்டு எங்கும் போனதில்லை, இப்போது மட்டும் ஏன் கழற்ற வேண்டும் என்கிறார். அப்பா ஊரில்தான் இருக்கிறார், கால்வலியால் இந்தப் பயணத்துக்கு வரவில்லை. அம்மாவின் மனம் நோகாமல் இதற்கு ஒரு வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லாசப்பல்வாசி (பாரிஸ்) எழுதியது:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபத்திரண்டு வருடங்களாகப் பாரிஸில் வசிக்கிறேன். வேலைக்குப் போக நாள்தோறும் கார் து நோர் ரயில் நிலையத்தைக் கடக்கிறேன் என்பதால், கண்ணால் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நேரும் திருட்டுகளில் பெரும்பாலானவை கத்தி காட்டிப் பறிப்பவை அல்ல. உங்கள் கவனம் மூன்று விநாடிகள் வேறு திசையில் போகும் நேரத்தில் நடந்து முடிபவை. ஆகவே பயப்படத் தேவையில்லை. எந்த மூன்று விநாடிகள் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் தேவை.

ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ஆர்இஆர் பி ரயிலில்தான் அநேகருடைய பயணம் தொடங்குகிறது. பத்து மணி நேரம் விமானத்தில் இருந்து களைத்துப்போய், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கைப்பேசியுமாக, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பயணியை ஒரு குழந்தைகூட அடையாளம் காணும். திருடர்கள் நான்கு ஐந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். கதவருகே ஒருவர் வழியை மறித்து நிற்பார், பின்னால் இருவர் அவசரமாக ஏறுவது போல நெருக்குவார்கள், அந்த நெருக்கத்தில் நான்காமவருடைய கை உங்கள் பைக்குள் போகும். அந்தக் கையின் மேல் மடித்த மேலங்கி ஒன்று கிடக்கும்; கை வேலை செய்வது உங்கள் கண்ணில் படாது.

மெத்ரோவில் இன்னொரு முறை இருக்கிறது. கதவு மூடுவதற்கு முன் ஒரு ஒலி எழும்பும். கதவை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து கைப்பேசி பார்ப்பவரிடமிருந்து, அந்த ஒலி எழுந்த கணத்தில் அதைப் பறித்துக்கொண்டு வெளியே குதித்துவிடுவார்கள். கதவு மூடிவிடும், ரயில் உங்களைச் சுமந்துகொண்டு போய்விடும். ஆகவே கதவருகே நிற்கும்போதும் இருக்கும்போதும் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். லூவரையும் ஷாம்ஸ் எலிசேயையும் இணைக்கும் முதலாம் இலக்கப் பாதையில் இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும். 'பிக்பொக்கெட்' எச்சரிக்கை பல மொழிகளில் ஒலிக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: அதைக் கேட்டவுடன் பயணிகள் தங்கள் பணப்பை இருக்கும் இடத்தைத் தன்னையறியாமல் தொட்டுப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் திருடனுக்கு அதுவே போதும்.

சக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் சில இளைஞர்கள் நூல் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சிரித்துப் பேசி உங்கள் விரலில் நூலைச் சுற்றி வளையம் பின்னத் தொடங்கிவிட்டால், பணம் கொடுக்காமல் கையை விடுவிப்பது கடினம். கைகளை மடித்துக்கொண்டு, நிற்காமல், பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். ஐஃபல் கோபுரத்தின் பக்கத்தில் மனு அட்டையோடு வந்து கையெழுத்துக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில். நீங்கள் கையெழுத்திடும்போது அந்த அட்டை உங்கள் கைப்பையை மறைத்துக்கொண்டிருக்கும். சென் நதிக்கரையில் ஒருவர் குனிந்து 'தங்க' மோதிரம் ஒன்றை எடுத்து உங்களுடையதா என்று கேட்டால், அது பித்தளை. பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் தானாகவே உதவ வருபவரிடம், இரகசிய எண்ணை நீங்கள் அழுத்தும்போது, அவரைத் தள்ளி நிற்கச் சொல்வதற்குத் தயங்காதீர்கள். மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தயங்குவது எம்மவர்களின் பழக்கம். அந்தத் தயக்கத்தையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

லூவர் அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் ஒரு நாள் திறக்கவே இல்லை. உள்ளே நடமாடிய பணப்பைத் திருடர்களை எதிர்த்து, அங்குள்ள பணியாளர்களே வேலையை நிறுத்தியதுதான் காரணம். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஓவியம் பார்க்க வந்தவர்கள் என்று எண்ண வேண்டாம்.

அம்மாவின் சங்கிலியைப் பற்றி: ஆகஸ்ட் முடிவில் எங்கள் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் லா சப்பல் வீதிகளில் வரும்போது எம் பெண்கள் நகையணிந்துதான் வருகிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து புறப்பட்டு ரயிலில் வரும் வழியில் என் மனைவி சங்கிலியைக் கழுத்துவரை மூடிய மேலாடைக்குள் போட்டுக்கொள்கிறார். ஐந்து சவரன் வெளியில் தெரியக் கூடாது. இறுதி முடிவை அம்மாவிடமே விடுங்கள்.

மலைக்கோட்டை (திருச்சி) எழுதியது:

வைகைக்கரை ஐயா, உங்கள் மனைவியார் சொல்வதைக் கேளுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அதே திட்டத்தோடுதான் நானும் ரோமுக்குப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெர்மினி நிலையத்தில் ஏ பாதை மெட்ரோவில் ஏறினோம். ஸ்பான்யா நிலையத்தில் இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் இடுப்புப் பையின் ஜிப் திறந்திருப்பதை என் மனைவி பார்த்தார். இரண்டு பாஸ்போர்ட், 1,400 யூரோ, மூன்று அட்டைகள், அன்று வசதிக்காக அதற்குள் போட்ட என் கைப்பேசி ஆகிய எல்லாம் போய்விட்டன. பை மட்டும் என் இடுப்பில் இருந்தது.

பணம் போனது வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்காகத்தான் வந்திருக்கிறேன். என் மனைவியின் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்தேன். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பி என்னை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்த எண்ணின் சிம் திருடனிடம் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைத்து, வேறு கேள்விகளுக்கு விடை கூறி, அட்டைகளை முடக்குவதற்குள் நாற்பது நிமிடங்கள் ஆகிவிட்டன. அந்த நேரத்துக்குள் இரகசிய எண் தேவைப்படாத சிறு தொகைகளாக, அட்டையைத் தொட்டுக் காட்டியே, ஏழு முறை பொருள் வாங்கியிருந்தார்கள். மாற்று சிம் வாங்க இந்தியாவுக்கு வந்து நேரில் நின்றால்தான் முடியும் என்பதால், ஊர் திரும்பும்வரை என் சொந்தக் கணக்கை என்னாலேயே திறக்க முடியவில்லை.

என் தம்பி பணம் அனுப்பத் தயாராக இருந்தான். அதை அங்குள்ள பண அனுப்பு நிலையத்தில் பெற்றுக்கொள்ள பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அந்த பாஸ்போர்ட்தான் போய்விட்டதே! விடுதியை நடத்திய அம்மையார் நல்லவர். அறை வாடகையைத் தம்பி திருச்சியிலிருந்தே இணையம் வழியாகச் செலுத்தட்டும் என்று ஒப்புக்கொண்டார். மூன்று நாள் காலையுணவுக்குப் பணம் வாங்கவில்லை.

டெர்மினியில் உள்ள ரயில்வே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்கினோம். அங்கே அதை தெனுன்சியா என்கிறார்கள். அந்தத் தாள் இல்லாமல் தூதரகத்திலும் வேலை நடக்காது, காப்பீட்டிலும் நடக்காது. திங்கட்கிழமை இந்தியத் தூதரகம் சென்றோம். பாஸ்போர்ட்டின் நகல் மனைவியின் மின்னஞ்சலில் இருந்தது எங்கள் நல்ல காலம். ஊழியர்கள் கனிவாகவே நடத்தினார்கள். ஆனால் அவர்கள் உடனடியாகத் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்புவதற்கு மட்டுமே உதவும் ஒருவழித் தாள். பாரிஸில் ஐந்து நாள்களுக்குப் பணம் கட்டியிருந்தோம். பாரிஸை நாங்கள் பார்க்கவில்லை.

பயணக் காப்பீட்டில் பாஸ்போர்ட் எடுத்த செலவு கிடைத்தது. ரொக்கத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. எங்கள் காப்பீட்டில் ரொக்கம் சேராது என்பது அச்சிட்ட தாளிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. உங்கள் விதிகளை முன்பே படித்துவிடுங்கள், குறிப்பாகப் புகாரை எத்தனை மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்ற வரியை.

பினாங்குத் தென்றல் (மலேசியா) எழுதியது:

சிறிய குறிப்பு ஒன்று. எங்கள் ஊர்களில் மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துச் செல்வது பழைய துன்பம். அதனால் சாலையோரம் நடக்கும்போது பையைச் சுவர்ப் பக்கத் தோளில் போட்டுக்கொள்ளவும், வாகனங்களுக்கு எதிர்த்திசையில் நடக்கவும் எங்களைச் சிறுவயதிலேயே பழக்கிவிட்டார்கள். பையின் வாரைக் கையில் இறுகச் சுற்றிக்கொள்ள வேண்டாம். பறிப்பவன் இழுத்தால் விட்டுவிடுங்கள்; பையோடு சேர்ந்து சாலையில் விழுந்து தலையில் அடிபட்டவர்கள் உண்டு. விட்டுவிட மனம் வர வேண்டுமானால், விடக்கூடாத பொருள் எதுவும் அந்தப் பையில் இருக்கக் கூடாது. கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, நான் ஒருபோதும் தோள்பையில் வைப்பதில்லை.

ஓய்வுபெற்ற காசாளர் (கும்பகோணம்) எழுதியது:

முப்பத்தோரு ஆண்டுகள் வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2,000 யூரோ ரொக்கம் உங்களுக்குத் தேவையில்லை. பயணம் ஒன்றுக்கு ஒருவர் 3,000 டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிப்பது உண்மைதான். அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. நீங்கள் செல்லும் மூன்று நாடுகளிலும் தேநீர்க் கடைவரை அட்டை செல்லும். மூவருக்கும் சேர்த்து 500 அல்லது 600 யூரோ போதும், அதையும் மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். திருட்டுப் போனால் திரும்பக் கிடைக்காத பணம் ரொக்கம் ஒன்றுதான் என்பதைத் தம்பி மலைக்கோட்டை வலியோடு எழுதிவிட்டார்.

செலவுக்கு யூரோ ஏற்றிய பயண அட்டை ஒன்றை வாங்குங்கள். அதில் மொத்தத் தொகையையும் முதல் நாளே ஏற்ற வேண்டாம். இரண்டு நாள் செலவை மட்டும் ஏற்றி, குறையக் குறைய நிரப்பிக்கொள்ளுங்கள். அது திருட்டுப் போனாலும் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வழி கிடையாது. சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டையைத் தெருவில் எடுத்துச் செல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவசரத்துக்காக வேறொரு வங்கியின் கடன் அட்டை ஒன்றை உங்கள் மனைவியாரின் பெட்டியில் வையுங்கள்.

2020 முதல் ஒவ்வோர் அட்டையிலும் சர்வதேசப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொட்டுச் செலுத்துதல் ஆகியவற்றைத் தனித்தனியே இயக்கவும் அணைக்கவும், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தந்தாக வேண்டும். இந்த வசதியைப் பயன்படுத்துவோர் மிகவும் குறைவு என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. பெட்டியில் வைக்கும் அட்டையில் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். தேவைப்படும் நாளில் இரண்டு நிமிடத்தில் இயக்கிக்கொள்ளலாம். கையில் வைத்திருக்கும் அட்டையில் தொட்டுச் செலுத்துவதை அணைத்துவிட்டு, இயந்திரத்தில் செருகி இரகசிய எண் அழுத்துங்கள். சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். இணையப் பயன்பாட்டையும் மறக்காமல் அணைக்க வேண்டும். நம் நாட்டு இணையதளங்களில் கேட்பதுபோல் வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் ஓடிபி கேட்பதில்லை. அட்டையின் முன்னும் பின்னும் உள்ள எண்களே அவற்றுக்குப் போதுமானவை.

அட்டை தொலைந்தால் புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு எழுதி வையுங்கள். வங்கியின் மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. ஆனால் இரகசிய எண்ணை அட்டையோடு சேர்த்து எழுதி வைத்திருந்தால், நீங்கள் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு உங்களுடையது. வங்கியின் கட்டணமில்லா எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் வேலை செய்யாது. +91 என்று தொடங்கும் எண்ணைக் கேட்டுப் பெற்று, தாளில் எழுதி, மூவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மலைக்கோட்டை ஐயா, உங்களுக்கு நேர்ந்ததைப் படித்து என் மனைவி கண்கலங்கினார். என் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன்.

ஆனால் பாஸ்போர்ட் விஷயத்தில் இன்னும் தெளிவு வரவில்லை. விடுதி அறையில் வைத்துவிட்டுப் போவதா, உடன் எடுத்துச் செல்வதா?

மலைக்கோட்டை எழுதியது:

அறையில்தான் வைக்க வேண்டும். பூட்டுப் பெட்டகம் இருந்தால் அதில், இல்லையென்றால் பெட்டிக்குள் பூட்டி. வெளியே செல்லும்போது நகல் போதும். அசல் என் இடுப்பில் இருந்ததால்தான் பாரிஸ் போயிற்று.

லாசப்பல்வாசி எழுதியது:

இங்கே நான் சற்று வேறுபடுகிறேன். பிரான்சில் வெளிநாட்டவர் எவரும், பொலிஸ் கேட்டால், தாம் சட்டப்படி இருப்பதைக் காட்டும் ஆவணத்தை முன்வைக்கக் கடமைப்பட்டவர். உங்கள் விசா கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. நிற மனிதர்களாகிய எங்களை நிலையங்களில் நிறுத்திக் கேட்பது புதிதல்ல. நகலைப் பார்த்துவிட்டு விட்ட பொலிஸாரையும் அறிவேன், விடாதவர்களையும் அறிவேன். அத்துடன் மலிவு விடுதிகளின் பெட்டகங்களை நான் முழுமையாக நம்புவதில்லை. பணியாளர்கள் அவசரத்துக்குத் திறப்பதற்கென்று பொது எண் ஒன்று வைத்திருப்பார்கள், சில இடங்களில் தொழிற்சாலையில் இட்ட எண்ணையே மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

ஆனாலும் மலைக்கோட்டை அண்ணாவின் பாடு பொய்யில்லை. நான் சொல்லக்கூடிய நடுவழி இதுதான்: கடவுச்சீட்டை வெளியே எடுத்துச் சென்றால் அது ஆடைக்கு மேலே கட்டும் பையில் இருக்கக் கூடாது. உள்ளாடைக்கும் மேலாடைக்கும் இடையில், தெருவில் வைத்து நீங்களே எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். மூவருடையதும் ஒருவரிடம் இருக்கவே கூடாது.

மலைக்கோட்டை எழுதியது:

சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அண்ணா. ஆளுக்கு ஒன்று, ஆடைக்குள் என்றால் எனக்கு மறுப்பில்லை. எனக்கு நேர்ந்த கேடே, உள்ளே இருக்க வேண்டியதையும் அடிக்கடி எடுக்க வேண்டியதையும் ஒரே பையில் போட்டதால் வந்ததுதான். பயணச்சீட்டுக்காக அந்த ஜிப்பை அன்று எட்டுமுறையாவது திறந்திருப்பேன்.

நிரல்மகள் (மியூனிக்) எழுதியது:

மலைக்கோட்டை அண்ணாவின் அனுபவத்தில் மிக அதிகத் தீங்கு செய்தது கைப்பேசி போனதுதான் என்று நான் நினைக்கிறேன். நம் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், விமானச்சீட்டு, காப்பீட்டுத் தாள் எல்லாவற்றுக்கும் சாவி அதுவாக இருக்கிறது. அதனால் சில ஏற்பாடுகள்.

இந்திய சிம்மை நீங்கள் தெருவில் பயன்படுத்தும் கைப்பேசியில் வைக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்றில் அதைப் போட்டு, ரோமிங் இயக்கி, அறையில் பூட்டிவிட்டு, தெருவுக்கு ஐரோப்பிய இ-சிம் உள்ள கைப்பேசியை எடுத்துச் செல்லுங்கள். ஓடிபி தேவைப்படும் வேலைகளை இரவில் அறைக்கு வந்து செய்யலாம். அம்மாவும் மனைவியும் தங்கள் எண்களையும் இப்படிப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. சிம்முக்கே தனியாக ஒரு பின் எண் வைக்க முடியும். வைத்துவிட்டால், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டாலும் உங்கள் ஓடிபி அவருக்கு வராது. பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். பலர் திரையைப் பூட்டிவிட்டு, ஓடிபியை அந்தத் திரையின் மேலேயே ஒளிரவிடுகிறார்கள்.

ஆப்பிள் கைப்பேசியில் 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியும், ஆண்ட்ராய்டில் அதே ஆண்டு வந்த, பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதியும் இருக்கின்றனவா என்று பார்த்து இயக்கிவிடுங்கள். *#06# அழுத்தி, கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எழுதி வையுங்கள். புகாரில் அதைக் கேட்பார்கள், ஊர் திரும்பியதும் இந்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தக் கருவியை முடக்குவதற்கும் அதுதான் வேண்டும்.

மற்றொன்றைப் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். கைப்பேசி திருட்டுப்போன சில நாள்களில், "உங்கள் கைப்பேசி கிடைத்துவிட்டது, இருப்பிடத்தைப் பார்க்க இங்கே நுழையுங்கள்" என்று ஒரு செய்தி வரும். நிறுவனம் அனுப்பியது போலவே இருக்கும். பூட்டைத் திறப்பதற்கான கடவுச்சொல்லைப் பெறுவதற்காகத் திருடர்கள் அனுப்புவது அது. என் தோழி ஒருத்தி ஆசையோடு அதில் கடவுச்சொல்லை இட்டுவிட்டாள்; ஒன்பது ஆண்டுப் புகைப்படங்கள் போய்விட்டன.

சுருக்குப்பை (காரைக்குடி) எழுதியது:

தம்பி வைகைக்கரை, உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன். எனக்கும் 64 வயது. மகளைப் பார்க்க லண்டன் போகும்போது எனக்கும் இதே மனப் போராட்டம் இருந்தது.

தாலி வேறு, சங்கிலி வேறு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். திருமணத்தன்று உங்கள் அப்பா கட்டியது மஞ்சள் கயிற்றில்தான் இருந்திருக்கும். சங்கிலியில் கோத்தது பிறகு வந்த வழக்கம். ஒரு நல்ல நாளில், வீட்டில் விளக்கேற்றி, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கோத்து, அப்பா கையாலேயே முடிச்சுப் போடச் சொல்லுங்கள். என் கணவர் அப்படித்தான் செய்தார். கயிறு உள்ளே கிடக்கும், யார் கண்ணும் படாது. ஐந்து சவரன் சங்கிலி வங்கி லாக்கரில் இருக்கட்டும்.

சங்கிலியோடுதான் வருவேன் என்று அம்மா உறுதியாகச் சொன்னால், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி, இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்வதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி எழாது.

பாஸ்போர்ட்டுக்கு நான் கடையில் எதுவும் வாங்கவில்லை. உள்பாவாடையின் இடுப்புப் பட்டைக்குக் கீழே, வலப்பக்கம், கெட்டிக் காடாத் துணியில் ஒரு பை தைத்து, மேலே இரண்டு பொத்தான் வைத்தேன். என் ஆச்சி சந்தைக்குப் போகும்போது சுருக்குப்பையை இடுப்பில் செருகி, அதன்மேல் கொசுவத்தை வைத்து மூடிக்கொள்வார். அந்தப் பையை அவர் வெளியில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. செலவுக்கான சில்லறை முந்தானை முடிச்சில் தனியே இருக்கும். அம்மா சேலை கட்டாமல் சுடிதார் அணிவதென்றால் அதன் உள்ளேயும் இதே பையைத் தைக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

நேற்று முன்தினம் ஊர் திரும்பினோம். நடந்ததை எழுதுவது என் கடமை.

புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அப்பா கயிற்றில் முடிச்சுப் போட்டார். அம்மா அன்று அதிகம் பேசவில்லை. பயணம் முழுவதும் அவ்வப்போது கழுத்தருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். மூவரின் உடைக்குள்ளும் காடாப் பை தைத்தோம். ஆளுக்கொரு பாஸ்போர்ட்டும் 150 யூரோவும் அதில் இருந்தன. என் கால்சட்டையின் முன்பையில் அன்றாடச் செலவுக்கென்று ஒரு சிறிய பணப்பை, அதில் 50 யூரோவுக்கு மிகாத ரொக்கமும் பயண அட்டையும் மட்டும். இந்திய சிம் மூன்றும் பழைய கைப்பேசிகளில், அறையில்.

பாரிஸில் சக்ரே கேர் படியில் நூலோடு வந்தவர்களை லாசப்பல்வாசி அண்ணா சொன்னபடியே நிற்காமல் கடந்தோம். கார் து நோரில் நகரும் படிக்கட்டின் முடிவில் ஒரு பெண் திடீரென நின்று குனிந்தார். பின்னாலிருந்து இருவர் என்மேல் மோதினார்கள். அம்மா "கையை எடு" என்று தமிழில் உரக்கக் கத்தினார். அனைவரும் திரும்பிப் பார்த்ததும் அந்த மூவரும் விலகிப்போனார்கள். பார்சிலோனாவில் ராம்ப்லா வீதியருகே உணவகத்தில் என் மனைவி கைப்பையை நாற்காலியின் முதுகில் மாட்டியபோது, பரிமாறுபவரே வந்து அதை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ரோமில் நான் தோற்றேன். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பேருந்தில் நெரிசல் மிகுதி. அம்மாவுக்கு உட்கார இடம் பார்ப்பதில் என் கவனம் போயிற்று. இறங்கியபோது பணப்பை இல்லை. 35 யூரோவும், அப்போது 90 யூரோ மீதமிருந்த பயண அட்டையும் போயின. என் மனைவி தன் கைப்பேசியில் இருந்த செயலியில் ஐந்து நிமிடத்துக்குள் அட்டையை முடக்கினார்; 90 யூரோவும் அப்படியே இருந்தது. காடாப் பையிலிருந்து 50 யூரோ எடுத்துக்கொண்டு, திட்டமிட்டபடி வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். மறுநாள் முதல் மனைவியின் பெட்டியிலிருந்த கடன் அட்டையை இயக்கிப் பயன்படுத்தினோம். புகாரை அன்று மாலையே டெர்மினியில் பதிந்தோம். மலைக்கோட்டை ஐயா, அந்தக் காவல் நிலையத்தின் வரிசையில் நின்றபோது உங்களை நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை அம்மா லாக்கருக்குச் சென்று வந்தார்.

மலைக்கோட்டை எழுதியது:

மூவரும் நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு நாங்கள் பாரிஸுக்கு மட்டும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். காடாத் துணி எத்தனை மீட்டர் வாங்கினீர்கள் என்று உங்கள் மனைவியாரிடம் கேட்டு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

மீதமுள்ள யூரோ நோட்டு 2,000 டாலர் மதிப்புக்கு உட்பட்டதென்றால் நீங்களே வைத்துக்கொள்ளலாம், வங்கியில் ஒப்படைக்கத் தேவையில்லை. கடன் அட்டையில் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்துவிட்டீர்களா?

வைகைக்கரை எழுதியது:

மறந்துவிட்டேன், ஐயா. இப்போதுதான் அணைத்தேன். துணி அரை மீட்டர் வாங்கினோம்; மூன்று பைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்கிறார்.